‘ஐரிஷ் பேச வருமா?’: ஒரு கேள்வியின் 170 ஆண்டுகள்

2022 ஏப்ரல் 3 அன்று அயர்லாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றி ஐரிஷ் மொழி குறித்து அடுத்தடுத்து மூன்று கேள்விகள் இருந்தன. பேச வருமா? எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள்? எவ்வளவு நன்றாகப் பேசுவீர்கள்?

முதல் கேள்விக்கு 18,73,997 பேர் ‘வரும்’ என்றார்கள். நூற்றுக்கு நாற்பது பேர். ஐரோப்பாவின் ஒரு சிறு மொழிக்கு இது பெரிய எண். இரண்டாம் கேள்விக்கு வந்த பதில்களைப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. பள்ளி, கல்லூரிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர். வாரம் ஒருமுறையாவது பேசுகிறவர்கள் 1,15,065. வகுப்பறைக்குள் மட்டும் பேசுகிறவர்கள் 5,53,965. ‘ஒருபோதும் பேசுவதில்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டவர்கள் 4,72,887. மூன்றாம் கேள்வியில், பேச வரும் என்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் ‘நன்றாக வராது’ என்றார்கள். ‘மிக நன்றாக வரும்’ என்றவர்கள் நூற்றுக்கு 10 பேர்.

அந்த 4,72,887 பேரிடம் வருகிறேன். ஒரே படிவத்தில், ஒரே பேனாவால், ஒரு கட்டத்தில் ‘பேச வரும்’ என்றும் அடுத்த கட்டத்தில் ‘பேசுவதே இல்லை’ என்றும் குறித்தவர்கள் இவர்கள். இவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. முதல் கேள்வி அவர்கள் காதில் ‘நீ யார்’ என்று விழுந்திருக்கிறது, இரண்டாவது ‘நீ என்ன செய்கிறாய்’ என்று விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ளபடியே பதில் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இது புரிய வேறு ஒரு காரணம் உண்டு. நான் மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பத்தில் பிறந்தவன். 2011 கணக்கெடுப்புக்காக வீட்டுக்கு வந்த பள்ளி ஆசிரியை தாய்மொழி என்ன என்று கேட்டார். ‘சௌராஷ்டிரா’ என்றேன். எழுதிக்கொண்டு அவர் படியிறங்குவதற்குள், ‘டீச்சருக்குச் செருப்பை எடுத்து வை’ என்று என் மகளிடம் தமிழில் சொன்னேன். அந்தக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2,47,702 பேர். அதில் நானும் ஒருவன், அன்று பத்து வயது ஆகியிருந்த என் மகளும் ஒருத்தி. அவளுக்குச் சேர்த்துப் பதில் சொன்னதும் நான்தான்.

மக்கள் தம் நடத்தையைப் பற்றித் தாமே சொல்வதை வைத்து ஓர் இனத்தின் அல்லது பண்பாட்டின் அடையாளத்தை அளக்க முடியுமா என்ற கேள்விக்கு அயர்லாந்தைப் போல நீண்ட சோதனைக்களம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரே மண்ணில், ஒரே மொழியைப் பற்றி, கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எண் கேள்வியின் பின்னால் போயிருக்கிறது.

அடிக்குறிப்பில் இருந்த மொழி

முதல் கேள்வி 1851இல் வந்தது. பெரும்பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஐரிஷ் பேசிய மேற்குக் கரை ஏழைகள்தான் அதிகம் செத்தார்கள், அதிகம் கப்பலேறினார்கள். அப்படியும் 15,24,286 பேர் ஐரிஷ் பேசுகிறவர்களாகப் பதிவானார்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு 23 பேர். அவர்களில் 3,19,602 பேருக்கு ஐரிஷ் மட்டுமே தெரியும்.

படிவத்தில் அந்தக் கேள்வி இருந்த இடம் முக்கியம். அதற்கென்று தனிப் பத்தி கிடையாது. அடிக்குறிப்பாக ஒரு வழிகாட்டல் இருந்தது: ஐரிஷ் மட்டும் பேசுகிறவர் என்றால் ‘ஐரிஷ்’ என்று எழுது, இரண்டும் பேசுகிறவர் என்றால் ‘ஐரிஷும் ஆங்கிலமும்’ என்று எழுது, மற்றவர்களுக்கு வெற்றாக விடு. அடிக்குறிப்பைப் படிக்காமல் விட்டவர்களும் வெற்றாகத்தான் விட்டார்கள். இந்த முறையில் ஐரிஷ் தெரியாதவரும் கேள்வியையே பார்க்காதவரும் ஒன்றாகிவிட்டார்கள். எந்தக் களஆய்விலும் இது முதல்தரப் பிழை. ‘இல்லை’ என்பதற்கும் ‘பதில் இல்லை’ என்பதற்கும் ஒரே அடையாளம் வைத்தால் பிற்பாடு அவற்றைப் பிரிக்கவே முடியாது.

1871இல் எண் 8,17,875 ஆகக் குறைந்தது. 1881இல் கேள்வியை அடிக்குறிப்பிலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். எண் 9,49,932 ஆக உயர்ந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை குறைந்திருந்தது, புதிதாக ஐரிஷ் கற்றவர்களும் அதிகம் இல்லை. மொழி ஓர் அங்குலமும் வளராமல், ஒரு வரியை இடம் மாற்றியதாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் தோன்றினார்கள். அடுத்த 1891 கணக்கில் 6,80,174.

பின்னாளில் பொருளாதார வல்லுநர் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்ட் இந்தப் பழைய கணக்குகளை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்தார். ஒவ்வொரு வயதுப் பிரிவினரும் குழந்தைகளாக இருந்தபோது அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் ஐரிஷ் பேசியிருப்பார்கள் என்று பின்னோக்கிக் கணித்து 1984இல் வெளியிட்டார். அப்போது அவர் அயர்லாந்தின் பிரதமர். நாட்டை நடத்திக்கொண்டே ஒருவர் நூறு ஆண்டுப் பழைய கணக்கெடுப்பைத் திருத்த உட்கார்ந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. பழைய கணக்கு குறைத்துக் காட்டியதன் அளவு அந்த வேலையால் ஓரளவு தெளிவானது. தனியொருவரின் பதில் தவறாக இருக்கலாம். ஆனால் அறுபது வயதுக்காரர்களின் பதிலையும் பத்து வயதுக்காரர்களின் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பேச்சு எந்தப் பத்தாண்டில் நின்றது என்பது வெளியே வந்துவிடுகிறது.

குறைந்து பதிவானதற்கு அடிக்குறிப்பு மட்டும் காரணமில்லை. வெட்கமும் இருந்தது. 1851 கணக்கெடுப்பின் உதவி ஆணையரான மருத்துவர் வில்லியம் வைல்ட் (ஆஸ்கார் வைல்டின் தந்தை) கால்வே பகுதியில் தாம் நேரில் கண்ட ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தங்கையிடம் ஐரிஷில் ஏதோ சொல்கிறான். தந்தையின் கண்ணைப் பார்த்ததும் ஒடுங்கிப்போகிறான். தந்தை ஒன்றும் பேசாமல் பையனை அருகே அழைத்து, அவன் கழுத்தில் கயிற்றில் தொங்கிய சிறு குச்சியை வெளியே எடுத்து, பேனாக்கத்தியால் இன்னொரு வெட்டுப் போடுகிறார். ஐரிஷ் பேசினால் ஒரு வெட்டு. வெட்டுகள் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டால் பள்ளி ஆசிரியர் அடிப்பார்.

அந்தக் குச்சியை நான் ஓர் அளவுகோலாகவும் பார்க்கிறேன். அந்த நூற்றாண்டில் ஐரிஷ் பேச்சை உள்ளபடி எண்ணிய கருவி அதுதான், சொல்லுக்குச் சொல், நாளுக்கு நாள். அதன் நோக்கம் அந்தப் பேச்சை ஒழிப்பது. அந்தப் பையன் வளர்ந்து குடும்பத் தலைவனாகி 1881 படிவத்தின் முன் உட்காரும்போது, தன் பெயருக்கு நேரே ‘ஐரிஷும் ஆங்கிலமும்’ என்று எழுதியிருப்பானா? எழுதாமல் விட்டிருந்தால் அதை ‘தவறான தகவல்’ என்ற ஒரு சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

பெருமை வந்தபோது

1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிட்டனிடமிருந்து விடுபட்டு, சுதந்திர அரசு வந்தது. மொழிக்கு இருந்த விலை தலைகீழானது. பள்ளிகளில் ஐரிஷ் கட்டாயம் ஆயிற்று, அரசு வேலைக்கு அது தேவை என்று ஆயிற்று. 1937 அரசமைப்பு அதை முதல் ஆட்சிமொழி என்றது.

1926 கணக்கெடுப்பில் 5,43,511 பேர், நூற்றுக்கு 18.3. அதே நிலப்பரப்பில் 1911இல் 5,53,717 பேர், நூற்றுக்கு 17.6. மேலோட்டமாகப் பார்த்தால் சரிவு நின்றுவிட்டது போலத் தெரியும். மாகாணவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேற்கில் கானாக்ட் மாகாணத்தில் 2,17,087 பேர் 1,75,209 ஆகக் குறைந்திருந்தார்கள். தாயிடமிருந்து ஐரிஷ் கற்றவர்கள் வாழ்ந்த ஊர்கள் அவை. கிழக்கில், டப்ளின் இருக்கும் லென்ஸ்டரில், 40,225 பேர் 1,01,474 ஆகியிருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் இரண்டரை மடங்கு. லென்ஸ்டர் வீடுகளில் அந்த அளவுக்கு யாரும் ஐரிஷ் பேசத் தொடங்கிவிடவில்லை. பள்ளிப் பிள்ளைகள், மொழிச் சங்க வகுப்புகளுக்குப் போனவர்கள், புதிய நாட்டின் மீது பற்று வைத்தவர்கள் அந்தக் கட்டத்தை நிரப்பினார்கள்.

இந்த ஆய்வின் மையம் இங்கே இருக்கிறது. மேற்கில் ஒரு மூதாட்டி இறக்கிறாள், கணக்கில் ஒன்று குறைகிறது. கிழக்கில் ஒரு பள்ளிப் பிள்ளையின் தந்தை பெருமையோடு ‘வரும்’ என்று எழுதுகிறார், கணக்கில் ஒன்று கூடுகிறது. மொத்தம் ஏறக்குறைய அதே எண். ஆனால் நடத்தை ஒன்று மறைந்து, அடையாள அறிவிப்பு ஒன்று அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டிய அட்டவணை இந்த மாற்றத்தைக் காட்டாது. அந்த மூதாட்டிக்கு மாற்றாக இந்த எழுத்து நிற்க முடியும் என்று நம்பி எத்தனையோ பேர் நிம்மதி அடைந்திருக்கக்கூடும். எனக்கு அது வலிக்கிறது. எங்கள் தெருவிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

பிறகு எண் ஏறிக்கொண்டே போனது. 1971இல் 7,89,429. 1981இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. 1991இல் 10,95,830. 1996இல் 14,30,205. ஐந்தே ஆண்டுகளில் மூன்றே கால் லட்சத்துக்கும் மேல் கூடுவதற்கு மொழியில் எந்தக் காரணமும் கிடையாது. காரணம் படிவத்தில் இருந்தது. அதுவரை ‘ஐரிஷ் மட்டும்’, ‘ஐரிஷும் ஆங்கிலமும்’, ‘படிக்க வரும், பேச வராது’ என்ற பழைய வகைகளில் எழுத வேண்டியிருந்தது. 1996இல் அதை நேரடியான ‘ஆம் / இல்லை’ என்று எளிமையாக்கினார்கள். பள்ளியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஐரிஷ் படித்த யாருக்கும் ‘இல்லை’ என்று குறிக்கக் கை எழாது.

அதே ஆண்டில் செய்த இன்னொரு திருத்தம் நல்லது: எவ்வளவு அடிக்கடி என்ற துணைக்கேள்வி. முதல்முறையாக நடத்தை தனியாகக் கேட்கப்பட்டது. ‘தினமும்’ என்று மூன்றரை லட்சம் பேர் சொன்னார்கள். அவர்களில் பெரும்பங்கு பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் ‘தினமும்’ பேசியது ஐரிஷ் பாடவேளையில். 2006இல் அதையும் பிரித்து, ‘கல்விக்கூடத்துக்குள்’, ‘கல்விக்கூடத்துக்கு வெளியே’ என்று கேட்டார்கள். மூன்றரை லட்சத்தின் உள்ளே இருந்த சில பத்தாயிரங்கள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தன. 1851இல் தொடங்கி, சரியான கேள்விக்கு வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

பதிலுக்குப் பணம்

கேல்டாக்ட் என்பது ஐரிஷ் இன்னும் ஊர்மொழியாக இருக்கும் பகுதிகளுக்கான பெயர். அதன் எல்லையை வரைய 1925இல் ஓர் ஆணையம் அமைந்தது. நூற்றுக்கு 80 பேருக்கு மேல் ஐரிஷ் பேசினால் முழுக் கேல்டாக்ட், 25 முதல் 79 வரை என்றால் பகுதிக் கேல்டாக்ட். எண்ணியவர்கள் காவல்துறையினர். ஏழை ஊர்கள் அவை. எல்லைக்குள் வந்தால் அரசு உதவி வரும் என்ற நம்பிக்கை இருந்தது. வாசலில் போலீஸ்காரர் நின்று ‘உங்கள் வீட்டில் ஐரிஷ் பேசுவீர்களா’ என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

1933இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கேல்டாக்ட் பகுதியில் வீட்டு மொழியாக ஐரிஷ் பேசும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு இரண்டு பவுண்டு. ஒரு காலத்தில் வெட்டுக் குச்சி தொங்கிய கழுத்துகளின் பேரப்பிள்ளைகளுக்கு, அதே பேச்சுக்கு இப்போது கூலி. தந்தை சொன்னால் மட்டும் பணம் தரமாட்டார்கள். ஆய்வாளர் வந்து பிள்ளையிடமே பேசிப் பார்ப்பார். சரளம் இயல்பானதா, தேர்வுக்காகத் தயாரித்ததா என்று காது வைத்துக் கேட்பார்.

பணத்தை வைத்து மொழியைக் காப்பாற்ற முடியுமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அளவை முறை என்ற கோணத்தில் இந்தத் திட்டத்துக்கு ஒரு பயன் இருந்தது. ஒரே ஊரைப் பற்றி இரண்டு எண்கள் கிடைத்தன. ஒன்று, மக்கள் தாமே கணக்கெடுப்பில் சொன்னது. மற்றொன்று, பிள்ளையின் வாயிலிருந்து வெளியாள் கேட்டுச் சரிபார்த்தது. பின்னாளில் மொழி ஆய்வாளர்கள் இந்த மானியப் பட்டியலைக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டு, எல்லைக்குள் இருந்தும் வீட்டில் ஐரிஷ் நின்றுபோன ஊர்களை அடையாளம் காட்டினார்கள். திட்டம் 2011 வாக்கில் நின்றது. தாமே சொல்வதை உரசிப் பார்க்க இருந்த ஒரு கல் அதோடு போயிற்று.

2007இல் வெளியான விரிவான மொழியியல் ஆய்வு, ஓர் ஊரில் நூற்றுக்கு 67 பேருக்கு மேல் தினமும் ஐரிஷ் பேசினால்தான் அது அங்கே பொதுமொழியாக நிலைக்கும் என்று முடிவுக்கு வந்தது. கேல்டாக்ட்டின் 155 சிறு வட்டங்களில் மிகச் சிலவே அந்த வரம்பைத் தாண்டின. அந்த இடங்களிலும் 15 முதல் 20 ஆண்டுகளுக்கு மேல் தாங்காது என்று எச்சரித்தது. 2022இல் கேல்டாக்ட் மக்கள் 1,06,220 பேர். பேச வரும் என்றவர்கள் நூற்றுக்கு 66. பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 20,261. ‘வரும்’ என்ற பதிலை வைத்து எல்லை போட்டால் அந்தப் பகுதி இன்னும் பல காலம் பாதுகாப்பாகத் தெரியும். ‘தினமும்’ என்ற பதிலை வைத்தால் அவசரம் தெரியும். எந்தப் பதிலை எடுப்பது என்பது அங்கே ஓர் ஆசிரியர் பணியிடத்தையும் ஒரு வீட்டு மானியத்தையும் தீர்மானிக்கும் முடிவு.

எல்லையின் வடக்கே கதை வேறு. பிரிட்டனின் ஆட்சியில் உள்ள வட அயர்லாந்தில் 1911க்குப் பிறகு 1991இல்தான் ஐரிஷ் பற்றிய கேள்வி மீண்டும் வந்தது. 2021இல் நூற்றுக்கு 12.4 பேர் ஐரிஷ் ஓரளவாவது தெரியும் என்றார்கள். முதன்மை மொழி ஐரிஷ் என்றவர்கள் 0.3. பல தெருக்களில் அந்தக் கட்டத்தைக் குறிப்பதே, அயர்லாந்தோடு சேர விரும்புகிறவர்கள், பிரிட்டனோடு இருக்க விரும்புகிறவர்கள் என்ற இரண்டில் நான் எந்தப் பக்கம் என்று சொல்வது. அங்கே கேள்வியின் சொற்களை எவ்வளவு திருத்தினாலும் அரசியலைக் கழுவ முடியாது.

ஒரு கோடா, இரண்டு கோடா?

உளவியலாளர்கள் வேறு வழியில் இதே சிக்கலுக்குள் வந்தார்கள். 1980இல் இஸ்ரேல் குயெயார் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழியினருக்காக இருபது கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். எந்த மொழி பேசுகிறீர்கள், எந்த இசை கேட்கிறீர்கள், நண்பர்கள் யார், உங்களை எப்படி அழைத்துக்கொள்வீர்கள் என்பவை போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், கடைசியில் சராசரி. ஒரு முனை மெக்சிகோ, மறுமுனை ஆங்கிலேய அமெரிக்கா.

ஒரே கோட்டில் வைத்ததால் ஒரு பக்கம் நகர்ந்தால் மறுபக்கத்தை விட்டு விலகித்தான் ஆக வேண்டும். வேலையிடத்தில் ஆங்கிலமும் வீட்டில் ஸ்பானியமும் சரளமாகப் பேசுகிறவரும், இரண்டோடும் ஒட்டாமல் தவிக்கிறவரும் கோட்டின் நடுவில் ஒரே மதிப்பெண்ணில் நின்றார்கள். 1995இல் குயெயார் வேறு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அதைப் பிரித்தார். மெக்சிகோ பக்கத்துக்கு 17 கேள்விகள், ஆங்கில அமெரிக்கப் பக்கத்துக்கு 13 கேள்விகள், இரண்டு தனி மதிப்பெண்கள். தம் கருவியைத் தாமே பிளந்து திருத்திய அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

பிரித்த பிறகும் ஒன்று மிஞ்சியது. பேச்சு, நட்பு, உணவு போன்ற நடத்தைகளோடு ‘உங்களை யார் என்று சொல்வீர்கள்’ என்ற கேள்வியும் அதே கூட்டுத்தொகைக்குள் இருந்தது. 1926 அயர்லாந்தின் மூதாட்டியும் லென்ஸ்டர் தந்தையும் ஒரே பத்தியில் இருந்த மாதிரி.

இது தமிழுக்கும் நேரடியாக வரும் இடம் சிங்கப்பூர். அங்கே கேட்பது ‘வீட்டில் பெரும்பாலும் பேசும் மொழி’. சிங்கப்பூர் இந்தியர்களில் தமிழ் என்றவர்கள் 2010இல் நூற்றுக்கு 36.7, 2020இல் 27.3. ஆங்கிலம் 41.6இலிருந்து 59.2 ஆனது. கவலைப்பட வேண்டிய எண்தான். ஆனாலும் அதைக் கையில் எடுக்குமுன் சிலவற்றைப் பார்க்க வேண்டும். ‘பெரும்பாலும்’ என்றால் ஒரே மொழியைத்தான் சொல்ல முடியும். அப்பத்தாவிடம் தமிழும் பிள்ளையிடம் ஆங்கிலமும் பேசும் தாய் எதைச் சொல்வாள்? எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்த்தால், ஆங்கிலம் பெரும்பாலும் பேசுகிறோம் என்றவர்களில் நூற்றுக்கு 87 பேர் வீட்டில் தம் தாய்மொழி ஒன்றையும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தவிர, இந்தக் கணக்கில் வருகிறவர்கள் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவை நிறைக்கும் கட்டடத் தொழிலாளர்களின் தமிழ் அந்த 27.3க்குள் கிடையாது. ‘இந்தியர்’ என்ற வகைக்குள் இந்தி, மலையாளம், பஞ்சாபி பேசுகிறவர்களும் இருப்பதால், யார் புதிதாகக் குடியேறினாலும் வகுக்கும் எண் மாறும். சரிவு உண்மை. எவ்வளவு என்பதை அந்த ஒரு கேள்வி மட்டும் சொல்லாது.

இந்தியாவின் கேள்வி இன்னும் வேறு மாதிரி. கணக்கெடுப்பின் விளக்கப்படி தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் தாய் அந்த நபரிடம் பேசிய மொழி. என் நடத்தையை அது கேட்கவே இல்லை, என் அம்மாவின் நடத்தையைக் கேட்கிறது, அதுவும் பல பத்தாண்டுகளுக்கு முந்தியதை. அந்த விளக்கத்தின்படி நான் 2011இல் சொன்னது முழுக்கச் சரி. என் மகளுக்காகச் சொன்னது சரியில்லை. அவள் தாய் அவளிடம் பேசியது தமிழ். வீட்டுக்கு ஒருவர் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்வது அயர்லாந்திலும் உண்டு. தாமே சொல்லும் தகவல் என்று நாம் பெயர் வைப்பதில் எத்தனை பங்கு இன்னொருவர் சொன்னது என்பதை ஆய்வாளர்கள் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

எப்படிக் கேட்கலாம்

கேட்கிற விதமே பதிலை எவ்வளவு மாற்றும் என்பதற்கு வேல்ஸ் போதும். 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேச வரும் என்றவர்கள் நூற்றுக்கு 17.8. அதே காலத்தில் நேர்காணல் வழியே நடந்த ஆண்டுதோறும் எடுக்கும் ஆய்வில் ஏறத்தாழ 29. ஒரே நாடு, ஒரே மொழி.

யாரையும் கேட்காமல் அளக்கும் வழியும் ஒன்று இருக்கிறது. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் பாஸ்க் மொழி பேசும் பாஸ்க் நாட்டில் 1989 முதல் தெருவில் நின்று எண்ணுகிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் நடந்துகொண்டே, எதிரே வரும் பேச்சு எந்த மொழியில் காதில் விழுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். வயது, ஆண் பெண், கூட்டத்தில் குழந்தை உண்டா என்பவையும் பதிவாகும். குழந்தைகள் இருக்கும் கூட்டத்தில் பாஸ்க் அதிகம் கேட்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது இப்படித்தான். ‘உங்கள் பிள்ளையோடு பாஸ்க் பேசுவீர்களா’ என்று வாசலில் கேட்டு வாங்கும் பதிலைவிட அதை நான் நம்புவேன். ஆனால் தெரு, வீட்டின் உள்ளே எட்டாது. அடுப்படியில் என்ன பேசுகிறார்கள் என்பதற்கு ஒருவர் வாய்ச்சொல்லைத்தான் நம்பியாக வேண்டும்.

அப்படியானால் வாய்ச்சொல்லைச் சின்னதாக, அருகில் உள்ளதாகக் கேட்கலாம். ‘வழக்கமாக எந்த மொழி’ என்றால் மனிதர் தம்மைப் பற்றித் தாம் விரும்பும் சித்திரத்தைத் தருவார். ‘நேற்று காலையிலிருந்து யார் யாரோடு பேசினீர்கள், ஒவ்வொருவரோடும் எந்த மொழியில்’ என்று கேட்டால் நினைவைத் துழாவுவார். அயர்லாந்து ‘வரும்’ என்பதிலிருந்து ‘தினமும், பள்ளிக்கு வெளியே’ என்று நகர்ந்தது இந்தத் திசையில்தான். அடையாளத்தை வேறு கேள்வியாக, வேறு பக்கத்தில், முழு மரியாதையோடு கேட்கட்டும். இரண்டையும் ஒருபோதும் கூட்டக் கூடாது. அந்த 4,72,887 பேரைப் போன்றவர்கள் இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் இருக்கிறார்கள். ஒரு மொழி திரும்ப வர வேண்டுமானால் முதலில் தேடிப்போக வேண்டியவர்கள் அவர்கள். தங்களுக்கு அது சொந்தம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள், பேச ஆள்தான் இல்லை.

அடுத்த இந்தியக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. என் மகளுக்கு அப்போது இருபத்தாறு வயது, அவள் பதிலை அவளே சொல்லிக்கொள்வாள். அவள் தமிழ் என்றால் அது சரியான பதில், நான் திருத்தப்போவதில்லை. என்னிடம் கேட்டால் மறுபடியும் சௌராஷ்டிரா என்றுதான் சொல்வேன். பக்கத்தில் ‘நேற்று யாரோடு பேசினீர்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் என் அக்காவின் பெயரை எழுதுவேன். இரண்டு வாரமாக, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அவளுக்கு ஃபோன் போட்டுச் சௌராஷ்டிரத்தில் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். சில சொற்களுக்கு இருவருமே தடுமாறுகிறோம்.